அமெரிக்கத் தத்தெடுப்புக் கோப்பு: அப்போஸ்டில் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் காசு தகுமா?

பாதி வேலைக்குத்தான் தகும். அப்போஸ்டில் என்பது ஓர் ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு அதோடு இணைத்துத் தரும் சான்று. எஃப்.பி.ஐ. தரும் குற்றப் பின்னணிச் சான்று அப்போஸ்டிலுக்கு வாஷிங்டனில் வெளியுறவுத் துறைக்கே போக வேண்டும். அரசுக் கட்டணம் ஆவணத்துக்கு 20 டாலர். தபாலில் அனுப்பினால் வாரக்கணக்கில் கிடக்கும் என்பதால் இந்த வேலைக்கு ஆள் வைப்பது லாபம். பிறப்புச் சான்றுக்கு, அதைக் கொடுத்த மாநிலமே அப்போஸ்டில் தரும். கணவர் டெக்சாஸ், மனைவி ஒஹையோ என்றால் இரண்டு உறை, அவ்வளவுதான், நாமே அனுப்பிவிடலாம். நியூயார்க் தனித் தலைவலி: நோட்டரி கையெழுத்துக்குக் கவுண்டி கிளார்க் (உள்ளூர் மாவட்டப் பதிவு அதிகாரி) சான்று தந்த பிறகே மாநில அலுவலகம் காகிதத்தைத் தொடும்.

ஏஜென்ட்டிடம் முதலில் கேளுங்கள்: நோட்டரியின் பதவிக்காலம் முடியும் தேதியை அனுப்பும் முன் பார்ப்பீர்களா? ஸ்கேன் எடுக்க ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்குகிறவர்களிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள். பின் கழன்ற அப்போஸ்டில் செல்லாமல் போகலாம். மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு.