நக்சோஸ் மலைக் கிராமங்கள்: கணவன் மனைவியாகச் சுற்ற பஸ்ஸா, காரா?

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து சாண்டோரினிக்குப் போகும் கப்பல்களில் பல, நக்சோஸ் தீவில் நின்றுதான் போகின்றன. இறங்குகிறவர்களோ பழங்காலக் கோயிலின் மிச்சமான போர்ட்டாரா பளிங்கு வாசலில் ஒரு படம், தெற்கே கடற்கரையில் ஒரு குளியல் என்று முடித்துக்கொள்கிறார்கள். கிரீஸின் சிக்லடீஸ் தீவுகளில் நக்சோஸ்தான் பெரியது, ஏறக்குறைய 430 சதுர கிலோமீட்டர். அதன் ருசி முழுக்க உள்ளே, மலைக் கிராமங்களில் இருக்கிறது. அங்கே எப்படிப் போவது, எங்கே நேரம் செலவழிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதுதான் இந்த மதிப்புரை.

முதலில் பஸ். துறைமுகத்துக்கு எதிரிலேயே கேடெல் பஸ் நிலையம். டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். ஹோரா (துறைமுகம் இருக்கும் தலைநகர்), ஹால்கி, ஃபிலோட்டி, அபிராந்தோஸ் எல்லாம் ஒரே தடத்தில் வருகின்றன. கடைசி ஊருக்குச் சுமார் ஒரு மணி நேரம். வண்டி நன்றாக இருக்கும், ஓட்டுநர்கள் வளைவுகளில் கைதேர்ந்தவர்கள். சிக்கல் திரும்பும்போதுதான். கடைசி பஸ் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் கிளம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் கோடைக்கு வெளியேயும் நடைகள் வெகுவாகக் குறையும். அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுவதால், நிலையத்தில் ஒட்டியிருப்பதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; இணையத்தில் கிடைப்பது போன பருவத்துடையதாக இருக்கலாம். ஒரே நாளில் இரண்டு கிராமம் போதும் என்பவர்களுக்கு 5க்கு 4 தரலாம். மூன்றாவது கிராமம் ஆசைப்பட்டால் மதிப்பெண் 2தான்.

கார் எடுப்பதென்றால் கிளம்பும் முன் நம் ஊரிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இந்திய உரிமம் மட்டும் போதாது. ஆர்டிஓ தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஓராண்டு செல்லும், கிரீஸ் போய்ச் சேர்ந்த பிறகு வாங்க முடியாது. அது இல்லாமலே சாவியைக் கொடுக்கும் கடைகள் இருக்கலாம். ஆனால் விபத்து நடந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால், இடக்கையால் கியர் போட்டுப் பழகியவர்களுக்கு மலை வளைவில் முதல் அரை மணி நேரம் திணறல்தான். ஆட்டோமேட்டிக் வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு, வாடகையும் அதிகம், முன்பதிவு அவசியம். இருவருக்கு இருப்பதிலேயே சின்ன வண்டி போதும். கிராமத்துச் சந்துகளில் அகலமான கார் தண்டனை.

ஒப்பந்தத்தில் ‘முழுக் காப்பீடு’ என்று எழுதியிருந்தாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை பெரும்பாலும் அதில் சேராது. மண் சாலையில் போனால் எதுவுமே சேராது. ஓட்டுவதற்கு இருவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டினால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. வண்டியை எடுக்கும்போது சக்கர வளையங்கள் உட்பட நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். முன்பணம் பிடித்துவைக்கக் கிரெடிட் கார்டுதான் கேட்பார்கள், டெபிட் கார்டு பல இடங்களில் செல்லாது. பெட்ரோலை ஹோராவிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

குவாட் என்ற நாலு சக்கர பைக்கில் இருவர் போவது படத்துக்கு அழகு. கடற்கரைக்குச் சரி, மலைக்கு வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட்டில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்டெமி காற்று, மலைத் திருப்பங்களில் பக்கவாட்டில் வந்து மோதும். பின்னால் உட்கார்ந்தவருக்கு அது இன்பச் சுற்றுலா அல்ல.

ஹால்கி, ஹோராவிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். காரை ஊர் எல்லையிலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும். பழைய வணிகர் வீடுகள், பீங்கான் கடைகள், நெசவுக் கடை. இவற்றுக்கு நடுவே 1896இல் தொடங்கிய வல்லிந்திராஸ் கிட்ரோன் வடிசாலை. நார்த்தங்காய்க்கு நெருங்கிய சொந்தமான ஒரு மரத்தின் இலையைச் செப்புக் கொதிகலனில் வடித்துச் செய்யும் மது இது. நார்த்தை இலையில் வேப்பிலைக்கட்டி இடித்தவர்களுக்கு வாசனை உடனே பிடிபடும். பச்சை நிறம் இனிப்பு மிகுந்தது, போதை குறைந்தது, மஞ்சள் அதற்கு நேர்மாறு, நிறமில்லாதது நடுவில். கடைகளில் பச்சையைத்தான் முன்னால் வைக்கிறார்கள், அழகான நிறம். ஆனால் இலையின் மணம் தெரிய வேண்டுமானால் மஞ்சள்தான். ஓட்டுகிறவர் சுவை பார்ப்பதைத் தவிர்க்கட்டும், கிரீஸில் மூச்சுச் சோதனை விளையாட்டல்ல.

ஹால்கியின் உண்மையான பரிசு அதைச் சுற்றியுள்ள ட்ரகேயா ஒலிவத் தோப்பு. கிராமத்திலிருந்து கால் மணி நேர நடையில் 11ஆம் நூற்றாண்டின் தியாசோரிட்டிஸ் தேவாலயம். அதையும் தாண்டி மோனி கிராமத்துக்குப் போகும் பாதையில் பனகியா ட்ரோசியானி தேவாலயம். இங்குள்ள சுவரோவியங்களின் பழைய அடுக்கு 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். உள்ளே பத்துப் பேர் நின்றாலே நெரிசல்தான். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், காலையில் போங்கள். மதியம் 2 மணிக்குமேல் கிராமமே கதவைச் சாத்தித் தூங்கும், தேவாலயமும் பூட்டியிருக்கலாம்.

ஃபிலோட்டி பெரிய ஊர், சதுக்கத்துப் பிளாட்டான் மரத்தடியில் ஒரு காப்பி, அவ்வளவுதான். ஸாஸ் மலை ஏறுவதென்றால் மட்டும் இங்கே நேரம் ஒதுக்குங்கள். 1,000 மீட்டரைச் சற்றே தாண்டும் இதுதான் சிக்லடீஸின் உச்சி. அகியா மரீனா சிற்றாலயத்திலிருந்து கிளம்பும் பாதை எளிது, ஏற ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ஆரியா ஊற்றிலிருந்து குகை வழியாகப் போகும் பாதை செங்குத்து, சரளைக்கல் வழுக்கும். அந்த வழியாக இறங்க வேண்டாம். மேலே நிழல் என்று எதுவும் இல்லை. இருவருக்கு 3 லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம்.

ஒரே ஒரு கிராமத்துக்குத்தான் நேரம் என்றால் அபிராந்தோஸ். தெருவே பளிங்கு. அது தேய்ந்து மழமழவென்று இருப்பதால் தோல் அடிச் செருப்பு ஆகாது, தூறல் விழுந்தால் ரப்பர் அடியே தடுமாறும். கிரீட் தீவிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர் என்பார்கள். பேச்சு வழக்கும் தனி. 1941இல் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் பறந்த நாஜிக் கொடியைத் தோழர் ஒருவரோடு சேர்ந்து இறக்கிய மனோலிஸ் கிளேசோஸ் பிறந்தது இங்கேதான். சுற்றியுள்ள மலைகளில் தோண்டியெடுத்த சாணைக்கல்தான் இந்த வட்டாரத்துக்குச் சோறு போட்டது. அதை மூட்சூனா துறைமுகத்துக்கு இறக்கிய கம்பிவடத் தூண்கள் அங்கே போகும் சாலையோரம் இன்னும் நிற்கின்றன. கோடையில் சுற்றுலா பஸ்கள் முற்பகலிலிருந்து வந்து கொட்டும். அதனால் ஹோராவில் 8 மணிக்கே கிளம்பி முதலில் இங்கே வந்துவிட்டு, கூட்டம் மேலே ஏறும்போது நீங்கள் ஹால்கிக்கு இறங்குங்கள்.

வடகோடி அப்போலோனாஸில் 10 மீட்டருக்கும் நீளமான முடிக்கப்படாத பளிங்குச் சிலை, பழைய கல் குவாரியிலேயே படுத்துக் கிடக்கிறது. பார்க்க இருபது நிமிடம் போதும், போய்வர அரை நாள். தனியாக ஒரு நாள் இருந்தால் மட்டும் போங்கள்.

சாப்பாட்டில் சைவர்கள் கவனிக்க வேண்டிய சொல் ‘நிஸ்தீசிமோ’: விரத உணவு. இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் ஆக்டோபஸும் இறாலும் அதற்குள் அடக்கம், கேட்டுவிடுங்கள். தக்காளி, குடமிளகாய்க்குள் சோறு வைத்த கெமிஸ்தாவில் சில வீடுகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள். ஃபாவா பருப்பு மசியல், பெரிய பீன்ஸ், நக்சோஸ் உருளைக்கிழங்கு வறுவல் ஆகியவற்றை நம்பிக் கேட்கலாம். பெரிய தட்டுகள்தான் வரும். இருவருக்கு மூன்று வகை சொன்னால் மிஞ்சும். கேட்காமலே வரும் ரொட்டிக்கும் பில்லில் சிறு தொகை இருக்கும், அது ஏமாற்று அல்ல.

மே கடைசி, ஜூன், செப்டம்பர் நல்ல காலம். ஆகஸ்ட் 15 ஃபிலோட்டியில் மாதா திருவிழா. பாட்டும் ஆட்டமும் வேண்டுமானால் அந்நாளே சரி, ஆனால் அந்தச் சாலையில் காரோடு போகாதீர்கள். மெல்டெமி வலுத்தால் அதிவேகக் கப்பல்கள்தான் முதலில் ரத்தாகும். ஏதென்ஸிலிருந்து விமானம் பிடிக்க வேண்டியவர்கள் சுமார் ஐந்தரை மணி நேரம் எடுக்கும் பெரிய கப்பலில், ஒரு நாள் முன்னதாகவே திரும்பிவிடுங்கள். கிரவியேரா பாலாடைக்கட்டி வாங்கினால் காற்று நீக்கி அடைத்துத் தரச் சொல்லுங்கள். கிட்ரோன் பாட்டிலைக் கைப்பையில் வைக்காமல், விமானத்தில் பதிவு செய்து அனுப்பும் பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள்.