லினக்ஸ் கெர்னலின் ஹெச்டபிள்யூமான் ஆவணம்: அலகுகளைப் பொறுத்த வரையில் ஒரு மதிப்புரை

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலோடு வரும் ஆவணங்களுள், வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறி வேகம் முதலியவற்றை அளக்கும் சில்லுகளுக்கான ஹெச்டபிள்யூமான் (hwmon) இடைமுகத்தை விளக்கும் பகுதியை, டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதப் பழகுவோர் அனைவரும் முதலில் படிக்க வேண்டும். கெர்னலுக்குள் மிதவைப்புள்ளிக் கணக்கு (தசம எண்களைக் கையாளும் கணக்கு) தவிர்க்கப்படுவதால், கெர்னலின் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் (sysfs) வழியே வெளிவரும் மதிப்பு வெறும் முழு எண்ணாகவே இருக்கிறது. வெப்பநிலைக்கான டெம்ப்1_இன்புட் (temp1_input) கோப்பைத் திறந்தால் 45000 என்று மட்டும் காணப்படும். அது 45 டிகிரி செல்சியஸ் என்று உறுதிப்படுத்துவது ஆவணம்தான். டிரைவர் எழுதியவர் பத்தில் ஒரு டிகிரி என்று எண்ணி 450 என்று கொடுத்துவிட்டால், கம்பைலர் எச்சரிக்காது. ஆயிரத்தால் வகுத்துக் காட்டும் சென்சார்ஸ் கட்டளை, 45 டிகிரியில் இருக்கும் சில்லை ஏறத்தாழ அரை டிகிரி என்றே காட்டும்.

அளவைத் தரும் ஒவ்வொரு பண்புக்கும் (அதாவது இத்தகைய ஒவ்வொரு கோப்புக்கும்) அலகைத் தனி வரியாக எழுதியிருப்பதே இந்த ஆவணத்தின் பெரும் பலம். மின்னழுத்தம் மில்லிவோல்ட்டிலும் மின்னோட்டம் மில்லிஆம்பியரிலும் இருக்க, மின்திறன் மட்டும் மைக்ரோவாட்டில் இருப்பது முதலில் முரணாகத் தோன்றலாம்; ஆனால் முதலிரண்டையும் பெருக்கினால் நேரே மைக்ரோவாட்டே வருகிறது என்பதால், எனக்கு இது மிகப் பொருத்தமாகவே படுகிறது.

சிக்கல் இதற்கு வெளியே தொடங்குகிறது. கெர்னலில் பேட்டரிகளுக்கான பவர் சப்ளை பிரிவில் மின்னழுத்தம் மைக்ரோவோல்ட்டிலும், வெப்பநிலை பத்தில் ஒரு டிகிரியிலும் தரப்படுகின்றன. அதே பேட்டரி ஹெச்டபிள்யூமான் வழியாகவும் தெரியும்போது, இடையிலுள்ள நிரல் வெப்பநிலையை நூறால் பெருக்கியும் மின்னழுத்தத்தை ஆயிரத்தால் வகுத்தும் கொடுக்கிறது. ஆகவே ஒரே வெப்பம் ஓரிடத்தில் 312 என்றும், மற்றோரிடத்தில் 31200 என்றும் நிற்கிறது. மேலும், அப்பிரிவின் பொது ஆவணம் அலகுகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, 'வேறுவிதமாகக் குறிப்பிடப்படாவிட்டால்' என்ற விலக்கையும் சேர்த்துக்கொள்கிறது. அலகைப் பற்றிய ஆவணத்தில் இத்தகைய விலக்குக்கு இடம் இருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அலகைத் தெளிவாகச் சொல்வதில், மின்திறன் வரம்புகளைக் கையாளும் பவர்கேப் பிரிவு ஹெச்டபிள்யூமானைவிடவும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கு ஆற்றலுக்கான கோப்பின் பெயரே எனர்ஜி_யுஜே (energy_uj); மைக்ரோஜூல் என்ற அலகு பெயரிலேயே இருப்பதால், ஆவணத்தைத் திறக்காதவரும் தவறிழைக்க வாய்ப்பில்லை. பழைய கோப்புப் பெயர்களை மாற்றினால் அவற்றை நம்பியிருக்கும் நிரல்கள் உடைந்துவிடும். புதிதாகச் சேர்க்கப்படும் பண்புகளிலாவது இம்முறையைப் பின்பற்றலாம். அதுவரை, பேட்டரி டிரைவரில் கைவைப்பவர்கள் ஹெச்டபிள்யூமான், பவர் சப்ளை ஆகிய இரண்டு பிரிவுகளின் ஆவணங்களையும் அருகருகே வைத்துக்கொண்டே எழுத வேண்டும்.