ஸ்டேப்ளர் அடித்த பையை நம்பாதீர்கள்

மகளின் பிரசவத்துக்காகப் போன மாதம் டாலஸ் போனேன். சென்னையில் ஏறி, வளைகுடாவில் விமானம் மாறி, சிகாகோவில் இறங்கி, அங்கிருந்து உள்நாட்டு விமானம். வளைகுடாவில் நான்கு மணி நேரக் காத்திருப்பு. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் வரியில்லாக் கடைக்குள் நுழைந்தேன். மாப்பிள்ளைக்கு 125 மில்லி சென்ட், மகளுக்கு அரைக் கிலோ தேன். ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று.

"சிகாகோவில் மறுபடி சோதனை உண்டே, விடுவார்களா?" என்று இரண்டு முறை கேட்டேன். "ஒரு பிரச்சினையும் இல்லை அம்மா, சீல் வைத்தே தருகிறோம்" என்றான் கடைப் பையன். நம் ஊர்ப் பிள்ளை சொல்கிறானே என்று நம்பிவிட்டேன். சீல் என்றால் என்ன தெரியுமா? சாதாரண பிளாஸ்டிக் பையின் வாயில் ஸ்டேப்ளரால் இரண்டு அடி. பில்லை என் கையில் திணித்தான்.

அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டிகளை எடுத்துக்கொண்டு, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைத்துவிட்டு, கைப்பையுடன் டி.எஸ்.ஏ. எனும் அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புத் துறையின் சோதனைக்குப் போக வேண்டும். அங்கே அந்தப் பெண் அதிகாரி பையைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். அவர் மீது குறையில்லை, பொறுமையாகவே விளக்கினார். வெளிநாட்டுக் கடையில் வாங்கிய திரவம் 100 மில்லிக்கு மேல் இருந்தால், பிரித்தால் காட்டிக்கொடுக்கும் தனிப் பையில் கடைக்காரரே ஒட்டித் தந்திருக்க வேண்டும். வாங்கி 48 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், பில்லும் வேண்டும், வழியில் பிரித்திருக்கவும் கூடாது. அப்படியே இருந்தாலும் கருவி சந்தேகப்பட்டால் விடமாட்டார்களாம். தேனும் அவர்கள் கணக்கில் திரவம்தான்.

"வெளியே போய்ப் பெட்டியில் வைத்துவிடுகிறீர்களா?" என்று கேட்டார். பெட்டிதான் போய்விட்டதே, பெல்ட்டில் போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை! சுங்கம் தாண்டும்போது பெட்டி என் கையில்தானே இருந்தது. அப்போதே இரண்டு புட்டிகளையும் உள்ளே தள்ளியிருந்தால் கதை முடிந்திருக்கும். இந்த ஒரு வரியை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

அமெரிக்காவில் விமானம் மாறுகிறவர்கள் கடையில் கடைசி ஊரின் பெயரைச் சொல்லுங்கள், போர்டிங் பாஸ்கள் இரண்டையும் காட்டுங்கள். ஸ்டேப்ளரை எடுத்தால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

கடைக்கு மின்னஞ்சல் எழுதினேன். பொருளில் குறை இல்லாததால் பணம் தர இயலாதாம். மாப்பிள்ளைக்குப் பெட்டியிலிருந்த முறுக்கு டப்பாவைக் கொடுத்தேன். சென்ட் வாங்கிய விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது.