டயோடா, கண்ணாடிக் குழாயா: வீட்டில் கட்டும் லேசர் இயந்திரத்துக்கு எது சரி?

மரமும் பிளாஸ்டிக்கும் வெட்ட, எழுத்துப் பொறிக்க லேசர் இயந்திரம் கட்டக் கிளம்பும் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன், ஏமாந்தேன். "20 வாட்" என்று ஒட்டியிருந்த டயோடு மாட்யூலை (லேசர் ஒளி தரும் சின்னச் சில்லு வைத்த பெட்டி) வாங்கி 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஓட்டினால், ஐந்து முறை போய்வந்தும் பலகை விடவில்லை. விளிம்பெல்லாம் கரிதான் மிச்சம். அந்த 20, மாட்யூல் இழுக்கும் மின்சாரம். வெளியே வரும் ஒளி ஏறக்குறைய 5 வாட். ஒரு நீல டயோடு தனியாகத் தருவதே 5, 6 வாட்தான். ஒளியே 10 வாட் வேண்டுமென்றால் இரண்டு டயோடுகளின் கற்றைகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும், 20 என்றால் நான்கு.

சரி, வாட்டை விடுங்கள். அதைவிடப் பெரிய விஷயம் அலைநீளம். நீல டயோடு சுமார் 450 நானோமீட்டர். கறுப்பு அட்டையைச் சட்டென்று பொசுக்கும். கண்ணாடிபோல் தெளிந்த அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் ஜன்னலில் வெயில் நுழைவதுபோல் நுழைந்து மறுபக்கம் போய்விடும். வாட்டைக் கூட்டினாலும் இதே கதைதான். கார்பன் டை ஆக்சைடு வாயு அடைத்த கண்ணாடிக் குழாயின் ஒளி 10.6 மைக்ரோமீட்டர், அது நிறம் பார்ப்பதில்லை. மரம், தோல், துணி, அக்ரிலிக், கண்ணாடி எல்லாமே அதை உறிஞ்சிக்கொள்ளும். 40 வாட் குழாய் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கை ஒரே ஓட்டத்தில் வெட்டி, விளிம்பைப் பளபளவென்று விட்டுவைக்கும். அந்த விளிம்பை ஒருமுறை பார்த்தவர்களுக்கு டயோடு பேச்சே பிடிக்காது.

ஆனால் கட்டுகிறவர் கண்ணால் பார்த்தால் குழாய் ஒரு தலைவலி. 40 வாட் குழாயே சுமார் 70 சென்டிமீட்டர் நீளம். அதை ஓரமாகப் படுக்கவைத்து, ஒளியைத் தெறிக்கவைக்கும் மூன்று கண்ணாடிகளால் அதைத் திருப்பி லென்ஸுக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணாடிகள் சற்றே விலகியிருந்தாலும் ஒரு மூலையில் வெட்டும், எதிர்மூலையில் கோடு மட்டும் போடும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; பம்பு நின்றால் குழாய் விரிசல் விடலாம். சும்மா வைத்திருந்தாலும் ஆண்டுகள் போகப் போக ஒளி மங்கும். எல்லாவற்றுக்கும் மேல், குழாயை எரியவைக்க 15,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் அது உள்ளே கொஞ்ச நேரம் தங்கியிருக்கலாம். மின்வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

டயோடு இதற்கு நேரெதிர். 12 அல்லது 24 வோல்ட், நான்கு திருகு, கட்டுப்பாட்டுக்கு ஒரு ஒயர். எடை குறைவு என்பதால் சாதாரண பெல்ட்டும், படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டாரும் போதும். புகை லென்ஸில் படியாமல் காற்று ஊத ஒரு சின்ன பம்பு மட்டும் சேர்த்துவிடுங்கள், வெட்டும் சுத்தமாகும்.

எளிது என்பதால் ஆபத்து குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். குழாயின் ஒளியைச் சாதாரண அக்ரிலிக் மூடியே தடுத்துவிடும். நீல ஒளி அப்படியல்ல. பளபளப்பான தகட்டில் பட்டுத் தெறித்தாலும் நேராக விழித்திரைக்குப் போகும். பெட்டி இல்லாமல் திறந்த ஃபிரேமில் டயோடு ஓட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்த அலைநீளத்துக்கென்றே செய்த, கண்ணில் போடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், பெட்டியும் வேண்டும். அப்புறம், எந்த லேசரானாலும் பிவிசி கூடாது. அதன் புகையில் வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் இயந்திரத்தையும் சேர்த்தே அரிக்கும்.

மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஒளி உண்டாக்கும் ஃபைபர் லேசர்? 1,064 நானோமீட்டர், உலோகத்தில் எழுத அதுதான் ராஜா. ஆனால் மரத்துக்கும் தெளிந்த அக்ரிலிக்குக்கும் உதவாது. 20, 30 வாட் ஃபைபரை வைத்துத் தகடு வெட்டும் கனவும் வேண்டாம்.

என் மேசையில் இப்போது இருப்பது, ஒளியே 10 வாட் தரும் டயோடு. பிளைவுட் பெட்டி, தோல் பட்டை, பெயர்ப்பலகை என்று என் வேலையில் முக்கால்வாசி அதிலேயே முடிகிறது. தெளிந்த அக்ரிலிக் வேலை வந்தால், குழாய் வைத்திருக்கும் நண்பரிடம் போய் நிற்கிறேன்.