₹46,500 கொடுத்து என் வாசலை நானே திறந்து வைத்தேன்

என் ஆபீஸ் கணக்கு ஃபைல் எல்லாவற்றையும் பணம் கேட்டு யாரோ பூட்டிவிட்டார்கள். பாதுகாப்பு போட்டுத் தந்த கடையின் பெயரைக் கேட்காதீர்கள், போடப்போவதில்லை. கடலூரில் கம்ப்யூட்டர் விற்று, பிரின்டர் சர்வீஸ் செய்து, சிசிடிவி மாட்டி, இப்போது போர்டில் "சைபர் செக்யூரிட்டி" என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்ட கடை. அந்த மாதிரிக் கடை உங்கள் ஊரிலும் இருக்கும். அதனால்தான் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் கணக்கு எழுதும் ஆபீஸ் வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், நானும் இரண்டு பெண்களும். பண்ருட்டி முந்திரி வியாபாரி, ஓ.டி. (கடலூர் முதுநகர்) பக்கம் ஐஸ் கம்பெனி, திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக்கடை என்று அறுபது சொச்சம் பேருடைய டேலி கணக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் எங்கள் பொறுப்பு.

அந்தக் கடையில் வேலை பார்க்கும் தம்பி நாலு வருஷமாக எங்கள் பிரின்டரைப் பார்த்தவன். எட்டு மாதம் முன்பு ஒருநாள் ரோலர் மாற்றிவிட்டு, "இதுக்குக் காசு வேணாம்க்கா, இருக்கட்டும்" என்றான். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். காசு வேண்டாம் என்றவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் வந்து, இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் வரைக்கும் முடங்கிய கதை. "தினமும் புதுசு புதுசா வருதுக்கா. உங்ககிட்ட அறுபது கடை கணக்கு இருக்கு. போச்சுன்னா யாருக்குப் பதில் சொல்வீங்க?" என்றான். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே சரி என்றேன். மூன்று மெஷினுக்கும் ஆன்டிவைரஸ், ஃபயர்வால், தினமும் தானாக பேக்கப், வருஷம் முழுக்க சர்வீஸ். மொத்தம் ₹46,500. பில் கேட்டதற்கு, "பில் போட்டா 18 பர்சன்ட் ஏறும்க்கா, எஸ்டிமேட்ல எழுதித் தரேன்" என்றான். ஊருக்கெல்லாம் பில் வாங்கு, பில் வாங்கு என்று தொண்டை கிழியச் சொல்லும் நான், வாயை மூடிக்கொண்டு அந்த மஞ்சள் எஸ்டிமேட் தாளை வாங்கி மடித்து வைத்தேன். "இந்த அலுவலகம் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டது" என்று லேமினேட் செய்த ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்தான். அதைப் பாடலீஸ்வரர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். நான்தான் மாட்டினேன், அவன்கூட இல்லை.

போன ஞாயிறு 14-ம் தேதி. திங்கள் காலை ஆபீஸைத் திறந்தால், டேலி ஃபோல்டரில் இருந்த எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ வால் முளைத்திருந்தது. ஒன்றும் திறக்கவில்லை. ஒரு டெக்ஸ்ட் ஃபைல் மட்டும் திறந்தது. பிட்காயினில் பணம் கட்டினால் திறந்து தருவோம், இல்லையென்றால் அவ்வளவுதான் என்று இங்கிலீஷில் இருந்தது. வேலை செய்யும் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் நிதானமாகத்தான் இருந்தேன், அதையும் சொல்ல வேண்டும். ₹46,500 கொடுத்திருக்கிறோமே, தினமும் பேக்கப் ஆகிறதே என்ற தைரியம்.

பேக்கப் எங்கே என்று பார்த்தால், என் கம்ப்யூட்டரின் முதுகிலேயே செருகியிருந்த ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். எட்டு மாதமாக அதை யாரும் கழற்றவில்லை. கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன். கம்ப்யூட்டருக்குள் புகுந்தவனுக்கு அதுவும் இன்னொரு டிரைவ்தானே? அதற்குள் இருந்த ஃபைலுக்கும் அதே வால்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. ஒன்பது தடவை செய்தேன். மதியம் வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு: "வெளியூர்ல இருக்கேன்க்கா, சாயங்காலம் பாக்கறேன்." சாயங்காலம் போன் ஸ்விட்ச் ஆஃப். செவ்வாய்க்கிழமை கடைக்கே போனேன். கல்லாவில் இருந்த ஓனர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்க ஸ்டாஃப் யாராவது லிங்க்கை அமுக்கியிருப்பாங்கம்மா" என்றார். எந்த லிங்க், எப்போது என்றேன். "அதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்?" தம்பி உள்ளே இருந்து வந்தான். "இது புது வைரஸ்க்கா. தினமும் புதுசு புதுசா வருது, யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது." எந்த வார்த்தையைச் சொல்லி விற்றானோ, அதே வார்த்தையைச் சொல்லிக் கையை விரிக்கிறான்! புதன்கிழமை போனபோது, ரெக்கவரி செய்து பார்க்கலாம், ₹15,000 ஆகும், கேரன்டி கிடையாது என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

என் அண்ணன் மகன் சென்னையில் இந்தத் துறையில் இருக்கிறான். புதன் ராத்திரியே பஸ் ஏறி வந்தான். விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறதாம், யார் எப்போது உள்ளே நுழைந்தார்கள் என்ற பதிவு. அதில் 4625 என்ற எண் இருந்தால், பாஸ்வேர்டு தப்பாகப் போட்டு உள்ளே நுழைய முடியாமல் போனது என்று அர்த்தம். நாலு நாளாக அது பக்கம் பக்கமாக இருந்தது. ஞாயிறு ராத்திரி வெளியிலிருந்து ஒரே ஒரு 4624. அதாவது நுழைந்துவிட்டான்.

"அத்தை, வாசலைத் திறந்து வெச்சதே அந்த ஆள்தான்" என்றான். தம்பி மஞ்சக்குப்பம் வரை வண்டி ஓட்டி வர அலுப்புப்பட்டு, கடையில் உட்கார்ந்தபடியே எங்கள் மெஷினைப் பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பைப் போட்டு, இன்டர்நெட் ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது அதற்கான வாசலை, வெளியுலகத்துக்கே திறந்துவிட்டிருக்கிறான். எங்களுக்குத் தெரியாமல் ஒரு யூசர் கணக்கு, அதற்கு "அட்மின் 123" வகையில் ஒரு பாஸ்வேர்டு. இப்படித் திறந்து கிடக்கும் கம்ப்யூட்டரை இருபத்து நாலு மணி நேரமும் தேடித் தட்டிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் உண்டாம். கடலூரா கலிஃபோர்னியாவா என்று அவை பார்ப்பதில்லை. ஆன்டிவைரஸும் ஒரே லைசென்ஸ் கீயைப் பல பேருக்குப் போட்டது போலிருக்கிறது. மூன்று மாதம் முன்பே அது முடக்கப்பட்டு அப்டேட் நின்றிருக்கிறது. விண்டோஸோடு சும்மா வரும் டிஃபெண்டரை அணைத்துவிட்டு இதைப் போட்டிருந்தான்.

புது வைரஸாம். வான்னாக்ரை கதையிலும் பாதியைத்தான் அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். அது விண்டோஸுக்குள் புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. வைரஸ் வந்தது மே மாதம். அப்டேட் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

2011 டிசம்பர் 30, தானே புயல். அப்போது ஆபீஸ் கூரை பறந்து லெட்ஜர் எல்லாம் ஊறிப்போனது. வெயிலில் காயவைத்து, ஒவ்வொரு தாளாக இஸ்திரி போட்டு, கணக்கைத் திரும்ப எடுத்தோம். இதில் காயவைக்க என்ன இருக்கிறது?

பிட்காயின் கட்டவில்லை. கட்டினாலும் தருவான் என்று என்ன நிச்சயம்? 'நோ மோர் ரான்சம்' என்று ஐரோப்பிய போலீஸ் சேர்ந்து நடத்தும் தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்குமாம். எங்களுடையதற்கு இல்லை. சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் பதிந்தேன். நிறுவனங்கள் இப்படிப்பட்ட தாக்குதலைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரலிலேயே உத்தரவு இருக்கிறது என்று அண்ணன் மகன் சொல்லித்தான் தெரியும். பாதுகாப்பு விற்ற கடைக்காரர் வாயில் அது ஒருநாளும் வந்ததில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். ஐந்து லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ஆனால் தொழிலுக்கு வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு கிளப்பும், சொந்தப் பிழைப்புக்குத்தான் என்று நாம் வாதாட வேண்டும் என்றார். பிறகு "பில் இருக்காம்மா?" என்றார். மஞ்சள் தாளை நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். ₹46,500 போனதைவிட அந்தப் பார்வைதான் சுட்டது.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், நேரமில்லை. பேக்கப் எடுத்த டிஸ்க்கை உடனே கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திறந்து பாருங்கள். சர்வீஸ்காரர் போனதும் ரிமோட் டெஸ்க்டாப் திறந்திருக்கிறதா என்று வேறு ஒருவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆன்டிவைரஸ் கீ உங்கள் மெயிலுக்கே வர வேண்டும். பில் வாங்குங்கள், தயவுசெய்து. பணமே அக்கவுன்டிலிருந்து போயிருந்தால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அந்த நிமிஷமே போன் போடுங்கள்.

நாளைக்கு 20-ம் தேதி, ஜிஎஸ்டி வரி கட்டும் மாத ரிட்டர்னான 3பி-க்குக் கடைசி நாள். நல்லவேளை, 11-ம் தேதி போட்ட ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) ஜிஎஸ்டி போர்ட்டலில் இருக்கிறது, 14-ம் தேதி வந்த 2பி-யும் (வாங்கிய சரக்கின் வரி விவரம்) இருக்கிறது. அதை வைத்து இதுவரை நாற்பத்து மூன்று பேருக்கு முடித்தோம். ஏப்ரலில் இருந்து போட்ட கணக்கு மொத்தமும் பில்லைப் பார்த்துத் திரும்ப ஏற்ற வேண்டும். முந்திரிக்காரர் மூன்று சாக்கில் பில் கொண்டுவந்து வராந்தாவில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். சர்டிபிகேட்டைக் கழற்றிவிட்டேன். ஆணி மட்டும் அங்கேயே இருக்கிறது.