முதல் கார்டு: சம்பள வங்கியிலா, துணிக்கடையிலா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போன கையோடு முதலில் திறப்பது துணிக்கடைக் கணக்கு, அதாவது கடனுக்குத் துணி வாங்கி மாதாமாதம் கட்டும் கணக்கு. வங்கி கிரெடிட் கார்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். சம்பளச் சீட்டு கையில் இருந்தால் வங்கிக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பேன்.

கடை சுலபம், வங்கி கெடுபிடி என்ற பேச்சு பாதிதான் சரி. இரண்டு பேரும் டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ் போன்ற கிரெடிட் பியூரோக்களிடம்தான், அதாவது யார் கடனை எப்படிக் கட்டினார் என்று பதிவு வைக்கும் நிறுவனங்களிடம்தான், அறிக்கை வாங்குகிறார்கள். அதில் ஒவ்வொரு கணக்குக்கும் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்துக்கு 0, ஒரு மாதப் பாக்கிக்கு 1, இரண்டு மாதமானால் 2. முந்நூறு ரேண்ட் சட்டைக்கு வைத்த பாக்கியும் அந்தக் கட்டத்தில் 2 என்றுதான் விழும். அடுத்து கார் கடனுக்குப் போகும்போது அதைத்தான் பார்ப்பார்கள்.

வருமானத்தைச் சோதிப்பதில்தான் வித்தியாசம். வங்கி பெரும்பாலும் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்கும். சம்பளமே அங்கே விழுகிறது என்றால் வரவு, செலவு, பணமில்லாமல் திரும்பிப் போன டெபிட் ஆர்டர் (கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் மாதத் தவணை) எல்லாம் அவர்கள் கண்முன்னே இருக்கும். சம்பளச் சீட்டு மாதிரி ஆவணம் கேட்டே ஆக வேண்டும் என்ற விதியைக் கடைக்காரர்கள் எதிர்த்து வழக்குப் போட்டு, 2018-ல் கேப் டவுன் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். சந்தையில் காய்கறி விற்கிற அக்காவுக்கு அது நியாயமான வழி. அவர் சம்பளச் சீட்டுக்கு எங்கே போவார்? மாதச் சம்பளக்காரருக்கு அதில் லாபமில்லை. சட்டப்படியான வட்டி உச்சவரம்பும் இரண்டுக்கும் ஒன்றே: ரெப்போ விகிதத்துக்கு (மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) மேல் 14 சதவீதம்.

நாலு வங்கியில் ஒரே வாரத்தில் விண்ணப்பிப்பது இன்னொரு வழி. அது வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் பதிவாகும். பணத்துக்குத் தவிக்கிற ஆள் என்று நினைப்பார்கள்.

மறுத்துவிட்டால் சும்மா வந்துவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேசியக் கடன் சட்டப்படி சொல்லியாக வேண்டும். பியூரோ தகவல்தான் காரணம் என்றால் எந்தப் பியூரோ என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே வருடம் ஒருமுறை அறிக்கை இலவசம். தப்பு இருந்தால் முறையிடுங்கள். 20 வேலை நாளுக்குள் அவர்கள் ஆதாரம் காட்ட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பதிவை நீக்க வேண்டும்.