பெரும்பாக்கத்தில் சொந்த வீடா, சிந்தாதிரிப்பேட்டையில் வாடகையா?

2017இல் சென்னையில் கூவம் ஆற்றங்கரையில் இருந்த எங்கள் குடிசையை எடுத்தபோது, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் ஒரு வீடு ஒதுக்கினார்கள். பதினாலு மாதம் அங்கே இருந்தோம். அப்புறம் சிந்தாதிரிப்பேட்டைக்கே திரும்பி வந்து ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தோம். “கவர்மென்ட் கொடுத்த வீட்டை விட்டுட்டு யாராவது வருவாங்களா?” என்று இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.

வீட்டை மட்டும் பார்த்தால் பெரும்பாக்கம்தான். கான்கிரீட் கூரை, உள்ளேயே கழிப்பறை, தனிச் சமையலறை, வாடகை கிடையாது. இங்கே ஐந்து குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, மாதம் 4,500 ரூபாய் வாடகை. இதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் அம்மாவின் வேலை எழும்பூரில். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைப்பார். முதல் வீட்டில் ஆறு மணிக்கு வாசல் தெளித்தாக வேண்டும். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம். பெரும்பாக்கத்திலிருந்து கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். நாலரைக்குக் கிளம்பி, ஒரு பஸ் மாறி, போய்ச் சேர ஏழு தாண்டிவிடும். மூன்றாவது வாரமே முதல் வீட்டில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் இன்னொரு வீடும் போனது. வீட்டுக்கு 1,500 என்று 3,000 ரூபாய் வருமானம் குறைந்தது. பஸ்ஸுக்கு நாளைக்கு 60 வீதம் மாதம் 1,500. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 4,500. இங்கே கொடுக்கிற வாடகை அதே தொகைதான். திரும்பி வந்த இரண்டு மாதத்தில் மறுபடி நாலு வீடு கிடைத்தது. இப்போது அம்மா பதினோரு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறார்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி, எங்கள் கணக்கிலும் 1,500 ரூபாயை மாற்றியிருக்கும். ஆனால் ஆறு மணி வேலைக்கு ஏழு மணிக்குப் போகிறவருக்கு டிக்கெட் இலவசமானாலும் வேலை திரும்பி வராது.

இன்னொன்று, கடன். இங்கே அண்ணாச்சி கடையில் எங்கள் பேருக்கு ஒரு நோட்டு இருக்கிறது. மாதக் கடைசியில் அரிசி, எண்ணெய் எழுதிக்கொண்டு கொடுப்பார். என் பத்தாம் வகுப்பு டியூஷன் பணத்தை அம்மா வேலை செய்த வீட்டில்தான் அட்வான்ஸாக வாங்கினோம். பெரும்பாக்கத்தில் எல்லோரும் புதிதாக வந்து இறங்கியவர்கள். யாருக்கும் யாரையும் தெரியாது. யார் யாருக்குக் கடன் கொடுப்பார்கள்?

நான் பார்த்தது பதினாலு மாதம்தான், அதுவும் ஆரம்ப வருடங்களில். இப்போது அந்த வீட்டில் பாட்டியும் மாமாவும் இருக்கிறார்கள். மாமாவுக்கு சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஷேர் ஆட்டோவில் போய்விடுகிறார். அவருக்கு அந்த வீடு வரம், எங்களுக்கு அப்படி அமையவில்லை.

இரண்டையும்விட நல்ல வழி ஒன்று இந்த ஊரிலேயே இருந்தது. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நாலு மாடி கட்டி அங்கிருந்தவர்களுக்கே கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே பெரிய அளவில் குடியமர்த்துவது 2000 வாக்கில் கண்ணகி நகரோடு வலுத்தது. அந்தப் பழைய குடியிருப்புகளை இப்போது அதே இடத்தில் இடித்துக் கட்டுகிறார்கள். என் சித்தி அப்படி ஒன்றில் இருக்கிறார். கட்டி முடியும்வரை வாடகை வீட்டுக்காக அவர் அலைந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். நான் அங்கே குடியிருந்ததில்லை. ஆனாலும் சித்தியின் பூக்கடை ஒருநாள்கூடத் தெரு மாறவில்லை. ஆற்றங்கரையிலேயே கட்ட முடியாது, சரி. இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இடம் தேடியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஒதுக்கீட்டுக்கு ரேஷன் கார்டு, ஆதார், குடும்பப் போட்டோ எல்லாம் கேட்டார்கள். வேலை எங்கே என்று கேட்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு சாவி கொடுத்தால், வாங்கும் முன் ஒருநாள் அந்த ஊரிலிருந்து விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்து உங்கள் வேலைக்குப் போய்ப் பாருங்கள். சோழிங்கநல்லூர் இருக்கிற ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வேலை என்றால் தயங்காமல் போங்கள். நகரத்துக்குள் நாலு வீட்டு வேலை என்றால், வாடகை கொடுத்தாவது பக்கத்திலேயே இருங்கள்.